மாவு மிச்சம் இருந்தது

வணக்கம். பின்னால் கடல் தெரியவில்லையே என்று கேட்பீர்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அலைச்சத்தம் உங்களுக்கே கேட்கும். கேமராவை வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நேற்று காலை 6 மணிக்குப் புதுச்சேரியிலிருந்து நடக்கத் தொடங்கினேன். முதுகில் 11 கிலோ மூட்டை. சாலை வழியாக வந்தால் ஏறக்குறைய 22 கி.மீ.தான். நோணாங்குப்பம் பாலம் தாண்டியதும் கடலோரம் இறங்கி, நல்லவாடு, நரம்பை என்று குப்பம் குப்பமாக வந்ததில் தூரம் கூடிவிட்டது. குளிர்காலப் பயணம் என்று தலைப்பு வைத்துவிட்டுப் பனிமலை எங்கே என்று கேட்காதீர்கள். நமக்குக் குளிர்காலம் என்றால் மார்கழிப் பனியும், போகிற போக்கில் நனைத்துவிட்டுப் போகும் பருவமழையின் கடைசி மிச்சமும்தான். இதற்குப் போய் இமயமலைக்கு வாங்கிய உறைப்படுக்கையைச் சுமந்து வந்தேன் பாருங்கள், அது என் புத்தி.

மாலையில் கடலூர் வந்து, தொலைபேசியில் அறை சொல்லி வைத்திருந்த விடுதிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னையும் மூட்டையையும் பார்த்தார். "கூட யாரும் வரவில்லையா?" வரவில்லை என்றேன். "தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுப்பதில்லை." முன்பதிவு? அடையாள அட்டை? எதுவும் எடுபடவில்லை. வேறு விடுதி தேடியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் கடலைப் பார்க்கவேண்டும். யோசிக்கவேண்டும் என்று தோன்றவே தோன்றாது. நேராக இங்கே வந்துவிட்டேன்.

இங்கே பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. 1690-இல் மராத்தியர்களிடம் அதை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர்கள், கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை எங்கள் நிலம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குண்டு விழுந்த ஊர்களில் ஒன்றுதான் குண்டு உப்பலவாடி, பெயரிலேயே குண்டு இருக்கிறது. ஒண்ட வந்தவன் இப்படியும் நடந்துகொள்ளலாம் என்பதை இந்தக் கரை பார்த்திருக்கிறது. நேற்றிரவு வந்த நானோ ஒதுங்க ஓர் ஓலைக்கூரை கிடைத்தால் போதும் என்று நின்றேன்.

கிறிஸ்துமஸ் மாலை, கரை நிறையக் கூட்டம். ஏழரைக்குச் சடசடவென்று மழை பிடித்தது. பத்து நிமிடத்தில் கரை காலி. மூடிக்கிடந்த ஒரு கடையின் சாய்ப்பில் ஒட்டிக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு பஜ்ஜி வண்டி. அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஆயா என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"பாப்பா, மழையை வேடிக்கை பார்க்கவா நிற்கிறாய்? அந்த முனையைப் பிடி!"

பிடித்தேன். கட்டி முடித்ததும் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்று வரிசையாகக் கேள்விகள். விடுதிக்கதையைச் சொன்னேன். அவர் அதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வண்டியின் கைப்பிடியை என் பக்கம் நகர்த்தினார். "தள்ளு. வீடு பக்கத்தில்தான்." இதைத்தான் அழைப்பு என்று நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. ஒரு கூடம், ஓர் அறை. மருமகள் என் ஷூவைக் கழற்றச் சொல்லி, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து அடுப்போரம் வைத்தார். நான்கு நாட்களாகக் காற்று, யாரும் கடலுக்குப் போகவில்லை. அதனால் கத்தரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. விருந்தாளிக்குக் கருவாடா என்று ஆயா நொந்துகொண்டார். நான் மூன்றாவது முறை சோறு வாங்கியபோது நொந்துகொள்வதை நிறுத்திவிட்டார். பிறகு எண்ணெய்ச் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றி மிளகாய் பஜ்ஜி போட ஆரம்பித்தார். எனக்கு, பேரனுக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. எதற்கு ஆயா இவ்வளவு, முன்பின் தெரியாத என்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். ஏதாவது பெரிதாகச் சொல்வார், இந்தக் காணொளிக்கு ஆகும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை, ஒப்புக்கொள்கிறேன்.

"கூட்டம் வரும் என்று கூடுதலாகக் கரைத்துவிட்டேன். மாவு மிச்சம் இருந்தது, பாப்பா."

பேரனுக்குப் பத்து வயது இருக்கும். உங்களுக்கு எத்தனை சந்தாதாரர்கள் அக்கா என்றான். நாலாயிரம் என்றேன். "பரவாயில்லை அக்கா, போகப் போக ஏறும்" என்று தேற்றினான். என் உறைப்படுக்கையை விரித்தபோது ஆயா சிரித்த சிரிப்பில் மருமகள் எழுந்து வந்துவிட்டார். "மூட்டைக்குள் போய்ப் படுக்க ஒரு மூட்டையா?" கடைசியில் அதைப் பேரன் எடுத்துக்கொண்டான். எனக்கு ஆயாவின் பழைய நூல்புடவை கிடைத்தது.

தூங்கும் முன் 500 ரூபாய் நோட்டு ஒன்றைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். காலையில் ஷூவிலிருந்து செய்தித்தாளை உருவினால், நாலாக மடித்த அதே நோட்டு கூடவே வந்து விழுகிறது. யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அரை லிட்டர் பால் பாக்கெட்டின் முனையை ஆயா கத்தரித்தார். தேநீருக்கு ஒரு டம்ளர் பால் தாராளமாக ஊற்றினார். நானும் ஆற்றிக் குடித்துவிட்டேன். மீதியைச் சாய்த்துப் பிடித்து, முனையை மடித்து, ரப்பர் வளையம் போட்டுக் கூடையில் வைத்தார். பக்கத்தில் ஒரு முழம் பூ. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தெருவில் இறங்கினால், எல்லா வீட்டிலிருந்தும் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு பேசாமல் கடலை நோக்கிப் போகிறார்கள். இன்று டிசம்பர் 26. 2004-இல் இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போன நாள்.

யாருக்கு என்று ஆயாவிடம் கேட்க வாய் வரவில்லை. பேரன்தான் என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்.

"எங்கள் அத்தைக்கு. நான் பார்த்ததில்லை."

இப்போது அவர்கள் எல்லோரும் கேமராவுக்குப் பின்னால், அலையில் நிற்கிறார்கள். ஆயா ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கையில் வளையல்போல மாட்டிக்கொள்கிறார்.