இழவு என்னும் சொல்

நேயர்களுக்கு வணக்கம். நல்ல நாளில் வாயில் வந்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் கண்டிக்கும் சொல் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது இழவு என்னும் சொல்.

செல் என்பதிலிருந்து செலவும் உண் என்பதிலிருந்து உணவும் பிறந்தது போலவே, இழ என்னும் வினையிலிருந்து இழவு பிறந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை தோன்றும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைச் சொல்கிறது. அங்கே இழவு என்பது சாவை மட்டும் குறிக்கவில்லை. தாய் தந்தை முதலான சுற்றத்தாரை இழப்பதோடு, இன்பம் தந்தவற்றை இழப்பதையும் உரையாசிரியர்கள் அதில் அடக்கினார்கள். பிற்கால வழக்கில்தான் பொருள் சுருங்கி, இழவு வீடு, இழவோலை என்று சாவோடு ஒட்டிக்கொண்டது.

இறப்பு என்னும் சொல்லோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இறத்தல் என்றால் கடத்தல். கடந்து போனவரே அந்த வினைக்கு எழுவாய். இழத்தலுக்கோ எழுவாய், போனவர் அல்லர், அவரைப் பறிகொடுத்துவிட்டு இங்கே நிற்பவர். ஆகவே ஒரு வீட்டில் இறப்பு ஒன்றாக இருந்தாலும், மனைவியின் இழவு வேறு, மகனின் இழவு வேறு, நாற்பது ஆண்டு உடன் நடந்த நண்பரின் இழவு வேறு. புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரியின் மகளிர், தந்தை இறந்தார் என்று சொல்லவில்லை. அன்றைய நிலவில் ‘எந்தையும் உடையேம்’ என்றும், இன்றைய நிலவில் ‘எந்தையும் இலமே’ என்றும், தங்களிடம் இருந்ததையும் இல்லாமற்போனதையுமே சொல்கிறார்கள். இழவு என்னும் சொல் அந்தப் பாட்டில் இல்லை. அதன் பொருள் முழுவதும் இருக்கிறது.

இத்தகைய சொல், ‘என்ன இழவோ’, ‘இழவெடுத்தவன்’ என்று வசையாகத் தேய்ந்துபோனது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. (இலவு காத்த கிளியை இழவு காத்த கிளி என்று எழுதுவது வேறு பிழை, அது இலவங்காயைக் காத்த கிளி.) வசையாகிவிட்டதால், கூசி, துக்கம் என்றும், தென் மாவட்டங்களில் கேதம் என்றும் சொல்கிறோம். வடமொழியிலிருந்து வந்த அவ்விரண்டும் வலியைச் சொல்கின்றன. எதை இழந்ததால் அந்த வலி என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை.

கிராமத்தில் இன்றும், ‘எழவு கேட்டுட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் போய்த் திண்ணையில் உட்கார்ந்ததும், காய்ச்சல் கண்ட நாளிலிருந்து கடைசியாகக் கேட்ட ஒரு வாய்த் தண்ணீர் வரை, அந்த வீட்டுப் பெண் முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்குகிறாள்.