எக்ஸெப்ஷன் மரத்தை எந்தப் பக்கத்திலிருந்து வரைவது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டுக்காகத் தமிழ்ச் சொற்களை வைத்து ஒரு சின்ன நிரல்மொழி எழுதிக்கொண்டிருக்கிறாராம். நிரல் ஓடும்போது சிக்கல் வந்தால் அது எறிகிற அறிவிப்புதான் எக்ஸெப்ஷன். அதைப் பிடித்துச் சமாளிக்கிற இடம் கேட்ச். ஒவ்வொரு வகை எக்ஸெப்ஷனுக்கும் ஒரு கிளாஸ். "எக்ஸெப்ஷன் கிளாஸ்களை மரம் மாதிரி வரைந்துவிட்டேன் சார். கோப்புப் பிழை, நெட்வொர்க் பிழை, கணக்குப் பிழை என்று மாட்யூல் வாரியாக மொத்தம் 43 வந்திருக்கிறது. இது சரியா? ஜாவா மாதிரி செக்டு எக்ஸெப்ஷனும் வைக்க வேண்டுமா?" என்கிறார். அதாவது, பிடிக்கவும் இல்லை, எறியும் என்று அறிவிக்கவும் இல்லை என்றால், நிரலை மாற்றித் தரும் கம்பைலரே ஏற்க மறுக்கிற வகை. படத்தையும் அனுப்பியிருக்கிறார். கலர் எல்லாம் அடித்து அழகாகத்தான் இருக்கிறது.

மேலே வேருக்கு 'விதிவிலக்கு' என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். அகராதிப்படி சரிதான். எனக்கென்னவோ அதைக் கேட்டால் யாருக்கோ வரிவிலக்கு கிடைத்த மாதிரி இருக்கிறது. 'பிழை' என்றே வைத்தால் படிக்கிறவருக்கு உடனே புரியும். சரி, அது உங்கள் விருப்பம்.

விஷயத்துக்கு வருவோம். உங்கள் மரம் பிழையை எறிகிற பக்கத்திலிருந்து வரையப்பட்டிருக்கிறது. எந்த மாட்யூல் எறிந்ததோ, அந்தக் கிளை. எறிகிற கோடுக்கு மரமே தேவையில்லை. 43 கிளாஸும் ஒரே மட்டத்தில் கிடந்தாலும் அது எறிந்துவிட்டுப் போய்விடும். கேட்ச் எழுதுகிறவருக்குத்தான் மரம் வேண்டும். 'இதில் எது வந்தாலும் நான் செய்யப் போவது ஒரே வேலைதான்' என்று சொல்ல அவருக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. அந்தப் பெயர்தான் தாய் கிளாஸ். தாயைப் பிடித்தால் அதன் கீழே இருக்கும் பிள்ளைகள் எல்லாமே சிக்கும்.

நம்ம ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போடுவார்கள். தண்ணீர் கபினியில் திறந்ததா, கிருஷ்ணராஜசாகரில் திறந்ததா, இல்லை இடையில் காட்டில் பெய்த மழையா என்று பிரித்துப் பார்த்துப் பரிசல்காரர் என்ன செய்யப் போகிறார்? பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது, பரிசலை இறக்கலாமா கூடாதா, அவருக்கு அவ்வளவுதான். எந்த அணை என்ற தகவலும் வேண்டியதுதான், அணையைக் கவனிக்கிறவர்களுக்கு. அதைப் பிழைக்குள்ளே ஒரு ஃபீல்டாக, கூடுதல் தகவலாக வைத்து அனுப்புங்கள். அதற்கென்று ஒரு கிளாஸ் வேண்டாம்.

பைத்தான் இதில் அடிபட்டுத் திருந்திய மொழி. பழைய பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது சிக்கல் என்றால் ஐஓஎரர் வரும், அதே கோப்பை அழிக்கும்போது என்றால் ஓஎஸ்எரர் வரும். நெட்வொர்க் இணைப்பான சாக்கெட்டுக்குத் தனியாக ஒன்று, எந்த இணைப்பு தயார் என்று பார்க்கும் செலக்டுக்குத் தனியாக ஒன்று. 'கோப்பு இல்லை' என்ற ஒரே சங்கதியைக் கண்டுபிடிக்க, வந்த பிழையைப் பிடித்து, உள்ளே இருக்கும் எர்னோ என்ற பிழை எண் 2-ஆ என்று பார்த்து, இல்லையென்றால் திரும்ப எறிய வேண்டும். 2012-இல் வந்த 3.3-இல்தான் இவற்றை எல்லாம் ஓஎஸ்எரர் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்து, அதன் கீழே ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பெர்மிஷன்எரர் என்று பிரித்தார்கள். கோப்பு இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடலாம். அனுமதி இல்லையென்றால் பயனரிடம் போய்த்தான் நிற்க வேண்டும். செய்கிற வேலை வேறு, அதனால் கிளாஸும் வேறு. பழைய பெயர்களையும் மறுபெயராக விட்டுவைத்தார்கள் என்பதால் பழைய கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

அப்புறம் வேர்ப் பக்கம். இதில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாங்காய் மண்டிக்கு எடைச்சீட்டு போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். எடை மேடையிலிருந்து எண் வராவிட்டால் மறுபடி கேட்கும் ஒரு லூப். பைத்தானில் கேட்சுக்குப் பெயர் எக்செப்ட். எந்த வகைப் பிழை என்று சொல்லாமல் வெறும் எக்செப்ட் என்று எழுதி, கீழே 'மறுபடி முயற்சி' என்று விட்டுவிட்டேன். சீசன் நேரம், வெளியே டிராக்டர் வரிசை, ஒயர் கழன்றுவிட்டது. திரை முழுக்க மறுபடி முயற்சி, மறுபடி முயற்சி. கணக்குப்பிள்ளை நிரலை நிறுத்தக் கண்ட்ரோல் சி அழுத்துகிறார். அதுவும் எக்ஸெப்ஷனாகத்தான் வரும். என் எக்செப்ட் அதையும் பிடித்து விழுங்கிவிட்டு 'மறுபடி முயற்சி' என்கிறது. கடைசியில் மனிதர் பிளக்கைப் பிடுங்கினார், எனக்கு போனில் பாட்டும் கிடைத்தது.

தப்பு என்னுடையதுதான். 2006-இல் வந்த பைத்தான் 2.5-லேயே பேஸ்எக்ஸெப்ஷன் என்று ஒரு வேரை வைத்து, கண்ட்ரோல் சி-க்கு வரும் கீபோர்டுஇன்டரப்ட், நிரலை முடிக்கச் சொல்லும் சிஸ்டம்எக்ஸிட் இரண்டையும் எக்ஸெப்ஷன் கிளாஸுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். நான் 'எக்செப்ட் எக்ஸெப்ஷன்' என்று எழுதியிருந்தால் நிரல் நின்றிருக்கும். ரூபி மொழியில் இன்னும் நல்ல ஏற்பாடு, அங்கே கேட்சுக்குப் பெயரான ரெஸ்க்யூவை வெறுமனே எழுதினாலே ஸ்டாண்டர்டுஎரர் என்ற சாதாரணப் பிழை வகையை மட்டும்தான் பிடிக்கும். அவசரத்தில் எழுதுகிறவரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. உங்கள் மொழியில் ஒருவர் வெறும் 'பிடி' என்று எழுதினால் எதெல்லாம் சிக்கும்? 43 பெயரை யோசிப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள்.

ஜாவாவில் வேர் த்ரோவபிள், அதன் கீழே எரர், எக்ஸெப்ஷன் என்று இரண்டு கிளை. மெமரி தீர்ந்துபோவது மாதிரியானவை எரர் பக்கம். அதுவரை சரி. ஆனால் நல்பாயிண்டர் (ஒன்றுமே இல்லாததைப் பயன்படுத்தப் பார்ப்பது) போன்ற நிரலர் தப்புகளை ரன்டைம்எக்ஸெப்ஷன் என்ற பெயரில் எக்ஸெப்ஷனுக்குக் கீழேயே வைத்துவிட்டார்கள். கோப்புச் சிக்கலுக்காக ஒருவர் 'கேட்ச் எக்ஸெப்ஷன்' போட்டால் அவருடைய சொந்த ஓட்டையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். என்னைக் கேட்டால் அது பிசகு. நீங்கள் வேருக்குக் கீழே மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: நிறுத்தச் சொல்லும் சைகை, நிரல் எழுதியவரின் தப்பு, வெளியிலிருந்து வரும் தொல்லை. வெறும் 'பிடி' அந்த மூன்றாவதை மட்டும் பிடித்தால் போதும்.

செக்டு எக்ஸெப்ஷன் வேண்டாம் தம்பி. சி ஷார்ப் அதை எடுத்துக்கொள்ளவில்லை, ஜாவா மெஷின் மேலேயே ஓடக்கூடிய காட்லினும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் கம்பைலருக்கு அது பெரிய வேலை, புராஜெக்ட் தேதியும் நெருங்குகிறது.

மூன்று மட்டத்துக்கு மேல் ஆழம் போகாதீர்கள். பின்னால் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது எளிது, ஆனால் தாயை மாற்றினால் ஏற்கெனவே எழுதப்பட்ட கேட்ச் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் மாறிவிடும். 2015-இல் பிஹெச்பி மொழியின் 7-ஆம் பதிப்பு, நிரலையே நிறுத்திவிடும் பல ஃபேட்டல் பிழைகளை எறியக்கூடியவையாக மாற்றியபோது, அந்த எரர் கிளாஸை எக்ஸெப்ஷனுக்குக் கீழே போடவில்லை. பழைய கோடில் 'கேட்ச் எக்ஸெப்ஷன்' எழுதியவர்கள் இவற்றை மனதில் வைத்து எழுதவில்லையே. அதனால் பக்கத்தில் தனியாக வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியவருக்காக, பொதுவாகத் த்ரோவபிள் என்று ஓர் இன்டர்ஃபேஸைக் கொடுத்தார்கள்.

படத்தைக் கிழித்துப் போட வேண்டாம். 43 பெயருக்கும் பக்கத்தில், 'இதைப் பிடிப்பவர் என்ன செய்வார்' என்று ஆளுக்கொரு வரி எழுதுங்கள். ஒரே வரி வருகிறவற்றை ஒன்றாகக் கட்டுங்கள், வரியே வராதவற்றை அடித்துவிடுங்கள். பத்து பன்னிரண்டு மிஞ்சும் என்று நினைக்கிறேன். புதுப் படத்தை அனுப்பினால் அடுத்த வீடியோவில் பார்க்கலாம். சரி, பாலக்கோட்டிலிருந்து ஒருவர் ரிகர்ஷன் பற்றிக் கேட்டிருக்கிறார், அதற்குப் போவோம்.