நோட்டின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணக்கைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் சமீபத்தில் என் பழைய மாணவி ஒருத்தி நோயில் இறந்துபோனாள். அவளைப் பற்றிப் பேசினால் கணக்கும் தானாக வந்துவிடும் என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன். பேர் வேண்டாம்.

அவள் முதல் ரேங்க் எடுத்தவள் இல்லை. பரீட்சையில் பாதிக் கணக்கில் நின்று யோசித்துக்கொண்டே இருப்பாள், மணி அடித்துவிடும்.

ஒருநாள் பகா எண் பாடம், அதாவது 2, 3, 5, 7 போல ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுகிற எண்களின் பாடம், சீக்கிரம் முடிந்ததால் ஒரு புதிர் சொன்னேன். 1742-இல் கோல்ட்பாக் என்பவர் ஆய்லர் என்ற கணித மேதைக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது அது. இரண்டை விடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களைக் கூட்டி எழுதிவிடலாம் என்பதுதான் புதிர். 8 என்றால் 3, 5. 12 என்றால் 5, 7. சரிதானே? ஆனால் எல்லா எண்ணுக்கும் இது பொருந்தும் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

மற்ற பிள்ளைகள் அதை அன்றோடு விட்டார்கள். இவள் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். ஒரு வழி கிடைத்தால் போதும் என்று நிறுத்தவில்லை, எத்தனை வழி உண்டோ அத்தனையும். நோட்டுத் திருத்தும்போது முன்பக்கத்தில் வீட்டுப்பாடம் பாதி, பின்பக்கத்தில் இது முழுசாக. என்னம்மா இது என்றேன்.

"டீச்சர், 60-க்கு ஆறு வழி இருக்கு. 58-க்கு நாலுதான், 62-க்கு மூணுதான். 60-க்கு மட்டும் ஏன் இவ்வளவு சொந்தக்காரங்க?"

கையில் பேனா இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: 7, 53. 13, 47. 17, 43. 19, 41. 23, 37. 29, 31. ஆறு ஜோடி. விடையை நான் சொல்லவில்லை, நீயே பார் என்றேன். கொஞ்ச நாள் கழித்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மூணு கெடுக்குது டீச்சர்!"

ஆமாம், மூன்றுதான். 62-இல் 5 போனால் 57, 11 போனால் 51, 17 போனால் 45. எல்லாமே மூன்றால் வகுபடுகிறவை, பகா எண் ஆகாது. 60-இல் அந்தத் தொல்லை இல்லை. 60 மூன்றால் வகுபடும், அதனால் 3-ஐத் தவிர எந்தப் பகா எண்ணைக் கழித்தாலும் மிச்சம் மூன்றால் வகுபடாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இதற்கு எந்தப் பரீட்சையிலும் மார்க்கும் கிடையாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் அவள் நர்ஸ் ஆனாள். 2013-இல் ஒருநாள் போன். ஐந்தை விடப் பெரிய எல்லா ஒற்றைப்படை எண்ணையும் மூன்று பகா எண்களைக் கூட்டி எழுதலாம் என்று ஹெல்ஃப்காட் என்பவர் நிரூபணம் வெளியிட்டிருந்தார். "மூணு முடிஞ்சுது டீச்சர், ரெண்டுதான் பாக்கி" என்று சிரித்தாள்.

அவள் தன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த விதத்தையும் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 62-க்கான மூன்று ஜோடிகளை நீங்களே தேடிப் பாருங்கள், ஒரே எண் இரண்டு முறை வரலாம். வணக்கம்.