குப்பையைப் பிரிக்கணும், சரி... எப்படி?

[காட்சி: சென்னையில் ஒரு தெரு. பேட்டரி வண்டி வந்து நிற்கிறது.]

வணக்கம். காலையில் குப்பை வண்டி வந்ததும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் ஒரே கேரி பேக்கில் அடைத்து, முடிச்சுப் போட்டு நீட்டுகிறோம். அந்த முடிச்சை அவிழ்த்துப் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கை. நேற்றைய சாம்பார், பிளேடு, டயப்பர் எல்லாம் அந்தக் கையில்தான் படும். வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே பிரித்துத் தரச் சொல்லிவிட்டன.

[காட்சி: சமையலறை. பச்சை வாளி.]

முதலில் மக்கும் குப்பை. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, டீத்தூள், மீன் செதில், முட்டை ஓடு, வாடிய பூ. பாலிதீன் பை வேண்டாம், வாளியின் அடியில் செய்தித்தாள் விரித்தால் போதும். தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள், நாற்றம் குறையும்.

இது தனியாகப் போனால் உரமாகும். கலந்து போனால் குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேனை உண்டாக்கும். எளிதில் பற்றிக்கொள்ளும் வாயு அது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து, சுற்றியிருந்த மக்கள் புகையில் தவித்தார்கள். பக்கத்திலேயே, பறவைகள் வலசை வரும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்!

[காட்சி: பால் கவரைக் கத்தரிக்கும் கை, அருகில்.]

அடுத்து மக்காத குப்பை. இதற்கு ஒரு சாக்கு போதும். பால் கவரின் மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் துணுக்கை யாராலும் பொறுக்கிச் சேர்க்க முடியாது. கவரோடு ஒட்டியபடியே விட்டு, அலசிக் காயவைத்துப் போடுங்கள். அட்டைப்பெட்டியில் குழம்பு ஊறிவிட்டால் பழைய பேப்பர் கடையில்கூட எடுக்க மாட்டார்கள். அதனால் சாக்கில் ஈரம் படவே கூடாது.

[காட்சி: சிவப்புக் குறி போட்ட காகிதப் பொட்டலம்.]

டயப்பர், நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு குறி போடுங்கள். பார்த்ததும் தெரியட்டும். பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மாத்திரை இவை தனிப் பெட்டியில் இருக்கட்டும். உடைந்த கண்ணாடியைக் கெட்டியான அட்டைக்குள் வைத்து ஒட்டுங்கள். அப்புறம், வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், ஊசிகளைக் கனமான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கி, வண்டியில் வருபவரிடம், "அக்கா, இதில் ஊசி இருக்கு" என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.