சாவி வாங்குகிற நாளில்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் விளக்க வேண்டியதில்லை. தெருத்தெருவாக ‘டு லெட்’ பலகை பார்த்து நடந்திருப்பீர்கள். எத்தனை பேர், சைவமா, சொந்த ஊர் எது என்ற கேள்விகளுக்கு மாடிப்படியில் நின்றபடியே பதில் சொல்லியிருப்பீர்கள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. அதற்குத்தான் இவ்வளவு அலைச்சல். ஆனால் இன்று நான் பேச வந்தது அட்வான்ஸைப் பற்றி. கொடுத்த அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வருவதைப் பற்றி.

மேற்கு மாம்பலத்தில் ஒரு முதல் மாடி வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம். ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரம், நல்ல காற்றோட்டம். பால் காய்ச்சிக் குடிபோன அன்றே ஹால் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில்தான் தினசரி காலண்டரை மாட்டினேன். ஆறு வருஷமும் காலையில் அந்த ஆணிக்குக் கீழே நின்று தாள் கிழித்திருக்கிறேன். காலி செய்த அன்று வீட்டுக்காரர் வந்தார். ஒவ்வொரு சுவராக விரலால் தடவிக்கொண்டே ஆணி ஓட்டைகளை எண்ணினார். பதினொன்று. காலண்டர் ஆணியும் சேர்த்துத்தான். “அது முன்னாடியே இருந்தது சார்” என்றேன். “அப்படியாம்மா? எனக்கு ஞாபகம் இல்லையே” என்றார். அவர் பொய் சொன்னதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆணி யாருக்கு ஞாபகம் இருக்கும்? என்னிடமும் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை.

பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை, அப்புறம் சமையலறைக் குழாய், குளியலறைக் கதவு என்று கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை போயிற்று. மீதி கைக்கு வர நாலு மாதம் ஆனது. புது வீட்டு அட்வான்ஸுக்காக அடகு வைத்த வளையலுக்கு அந்த நாலு மாதமும் வட்டி கட்டினேன்.

அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சாவி வாங்குகிற நாளில், சாமான் ஏறுவதற்கு முன்னால், காலி வீட்டைப் போட்டோ எடுங்கள். சுவர், குழாய், ஜன்னல் கொக்கி, குளியலறைக் கதவின் அடிப்பக்கம். தண்ணீர் பட்டுப் பட்டு முதலில் கெடுவது அந்த அடிப்பக்கம்தான். எடுத்த படங்களை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு இரண்டு பேர் போனிலும் இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், சாமான் ஏறுவதற்கு முன்னால்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும். அந்த வழியில்தான் ஆறு மாதம், பத்து மாதம் என்று இன்னும் கேட்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைக் கொடுத்துவிட வேண்டும். எதையெல்லாம் கழிக்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ‘பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை’ என்று நடுவில் ஒரு வரி இருக்கும். ஒரே வருஷத்தில் காலி செய்தாலும் அதே ஒரு மாதமா என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள், பின்னால் கேட்டுப் பயனில்லை. பதினொரு மாத ஒப்பந்தம்தானே என்று விடாமல், அதை இந்தச் சட்டப்படி ஏற்பட்ட வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்துகொள்ளுங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

தண்ணீர், கரண்ட் இரண்டைப் பற்றியும் நிறையக் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்கு ஒரு தடவைதான். மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு என்றால் எல்லார் யூனிட்டும் ஒன்றாகக் கூடி, கட்டணம் மேல்படிக்கு ஏறிவிடும். உங்களுக்கென்று தனி மீட்டரா, பொது இணைப்புக்குள் வீட்டுக்காரர் வைத்த சப்மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கேளுங்கள். தண்ணீருக்கு, காலை ஆறு மணிக்கு ஒரு தடவை போய்ப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரியுங்கள். மே மாதத்தில் லாரி வந்ததா என்றும் சேர்த்துக் கேளுங்கள். வணக்கம்.