இலக்குத் தொகையும் தொழிற்சாலைக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் ஒரு கைக்கடிகாரமோ டிரோனோ செய்யப்போகிறோம் என்று சொல்லி மக்களிடம் முன்பணம் திரட்டுகிறார்கள். பக்கத்தின் மேலேயே ஓர் இலக்குத் தொகை இருக்கும். கிக்ஸ்டார்ட்டரில் குறித்த நாளுக்குள் அது நிறைந்தால்தான் பணம் கட்டியவர்களின் கார்டிலிருந்து தொகை எடுக்கப்படும். நிறையாவிட்டால் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. 2009இல் கிக்ஸ்டார்ட்டர் தொடங்கியபோதே இருந்த விதி இது. இன்று அந்த இலக்குத் தொகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தொழிற்சாலை எத்தனை பீஸுக்குக் குறைந்து செய்து தராது என்று கேட்டுவிட்டு, அதிலிருந்துதான் அந்தத் தொகைக்கு வரவேண்டும். நடைமுறையில் பலர் "இவ்வளவு வைத்தால் சீக்கிரம் நிறையும், பார்ப்பவருக்கும் நம்பிக்கை வரும்" என்று வைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொழிற்சாலைகள் ஏன் குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கின்றன? கல்யாணப் பத்திரிகை 200 அடித்தாலும் 500 அடித்தாலும் அச்சகத்தில் பில் பெரிதாக மாறாது. காகிதச் செலவைவிட, பிளேட் போட்டு இயந்திரத்தைத் தயார் செய்யும் செலவே அதிகம். பிளாஸ்டிக் வார்ப்பிலும் அப்படித்தான். மோல்டை, அதாவது பிளாஸ்டிக்குக்கு வடிவம் தரும் உலோக அச்சை, இயந்திரத்தில் ஏற்றி, முந்தைய வேலையின் பிளாஸ்டிக்கைத் தள்ளிக் கழித்து, வெப்பமும் அழுத்தமும் சீராகி, நல்ல பீஸ் வர ஆரம்பிப்பதற்குள் அரை நாள் ஓடிவிடும். அதன்பிறகு அரை நிமிடத்துக்கு ஒரு பீஸ் விழும். 300 பீஸ் வேண்டுமென்றால் இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு அரை நாள் தயாரிப்பு. எந்த மேலாளரும் யோசிப்பார்.

உதிரிப் பாகங்களிலும் இந்தக் கட்டாயம் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கனத்தில் இல்லை. 0402 என்ற மிகச் சிறிய அளவு கெப்பாசிட்டர் ஒரு ரீலில், அதாவது ஒரு நாடாச் சுருளில், 10,000 வரும். வேண்டியது 3,000 என்றாலும் முழு ரீல் வாங்கிவிடலாம், விலை சொற்பம். உங்கள் அளவுக்கென்று தனியாகச் செய்யச் சொன்ன டிஸ்ப்ளே, பேட்டரி, அச்சிட்ட அட்டைப்பெட்டி, தனி நிறப் பிளாஸ்டிக் ஆகியவைதான் கழுத்தைப் பிடிக்கும். மிஞ்சினால் வேறு யாருக்கும் உதவாது, திருப்பியும் எடுக்கமாட்டார்கள்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். எண்களை எளிமைக்காக நானே வைத்துக்கொள்கிறேன். மேசையில் வைக்கும் காற்றுத்தர மானி, விலை 50 டாலர். பாகங்கள் 14, அவற்றைச் சர்க்யூட் போர்டில் பொருத்த 3, பிளாஸ்டிக் உறை 2, பெட்டி ஒன்றரை, சோதனையும் கூலியும் 1.30, வீடு வரை அனுப்ப 8. தளத்துக்கு 5 சதவீதம், கார்டு கட்டணம் 3 சதவீதமும் 20 சென்ட்டும், ஆக 4.20. பழுதாகி மாற்றிக்கொடுக்க 1. எல்லாம் சேர்ந்து 35 டாலர். ஒரு மானியில் மிஞ்சுவது 15.

அந்தப் பதினைந்தில்தான் ஒருமுறைச் செலவுகள் தீரவேண்டும். மோல்டு 9,000, அமெரிக்காவின் எஃப்.சி.சி., ஐரோப்பாவின் சி.இ. போன்ற சான்றிதழ்ச் சோதனைகள் 8,000, ஒவ்வொரு போர்டையும் பொருத்திச் சோதிக்கும் ஜிக் என்ற சாதனம் 1,500, முன்னோட்ட உற்பத்தி 2,500. கூட்டினால் 21,000. பதினைந்தால் வகுத்தால் 1,400 மானிகள். ஆக நேர்மையான இலக்கு 70,000 டாலர்.

இந்த மானியைச் செய்பவர் 20,000 டாலர் மட்டும் இலக்கு வைத்து, சரியாக 20,000 திரண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். அதில் மிஞ்சுவது 6,000. ஒருமுறைச் செலவுக்கு 15,000 துண்டு விழுகிறது. டிஸ்ப்ளே கொடுப்பவர் 1,000க்குக் குறைந்து தரமாட்டேன் என்கிறார். ஒன்று 4 டாலர் என்றால், வேண்டாத 600 டிஸ்ப்ளேயில் இன்னொரு 2,400 முடங்குகிறது. பக்கத்தில் பச்சைக் கோடு நிறைந்து "வெற்றி" என்று காட்டும். பணமே திரளாமல் போயிருந்தால் 400 பேரின் காசு பத்திரமாக இருந்திருக்கும். இலக்கு நிறையாமல் போவதைவிட, போதாத இலக்கு நிறைவதுதான் ஆபத்து. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேட்டதைவிட மிக அதிகமாகப் பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பெபிள் என்ற கைக்கடிகாரம் 2012இல் கேட்டது ஒரு லட்சம் டாலர். சுமார் 1,000 கடிகாரம் செய்வதாகத் திட்டம். 68,929 பேர் ஒரு கோடியே இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். 1,000 பீஸுக்கு ஒத்துவரும் முறை வேறு, பல்லாயிரத்துக்கு வேண்டிய முறை வேறு. மோல்டு, ஒட்டு, நீர்புகாச் சோதனை, பாகம் கொடுப்பவர் என்று எல்லாவற்றையும் மறுபடி பார்க்கவேண்டியதாகிறது. செப்டம்பர் 2012இல் தருவதாகச் சொன்னது 2013 ஜனவரியில்தான் கிளம்பியது. முதலில் கறுப்பு நிறம் மட்டும், மற்ற நிறங்கள் பிறகு. நிறம் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டம், தனிக் குறைந்தபட்சம். அதனால்தான் "இலக்கைத் தாண்டினால் இன்னும் இரண்டு நிறம் தருவோம்" என்ற வாக்குறுதி எனக்குப் பிடிப்பதில்லை. அப்படியும் பெபிள் பொருளைக் கொடுத்து முடித்தது, அது பெரிய காரியம்.

கூலஸ்ட் கூலர் கதை வேறு. பிளெண்டர், ஸ்பீக்கர் எல்லாம் பொருத்திய ஐஸ்பெட்டி அது. 2013இல் 1,25,000 டாலர் கேட்டு நிறையவில்லை. 2014இல் இலக்கை 50,000 ஆக வைத்தார்கள், வந்தது 1 கோடி 30 லட்சம் டாலருக்கு மேல். ஆனால் முன்பதிவு விலையில் ஒரு பெட்டி செய்து அனுப்பக் கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொன்றிலும் நட்டம் இருந்தால், எண்ணிக்கை ஏற ஏற நட்டம்தான் ஏறும். காசு புரட்ட அமேசானில் கூடுதல் விலைக்கு விற்றார்கள், பணம் கட்டியவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். 2019 இறுதியில் நிறுவனம் மூடியபோது ஏறத்தாழ 20,000 பேருக்குப் பெட்டி போகவில்லை.

குறைந்தபட்சத்தை இறக்க வழி இருக்கிறது. 100க்கு உள்ளே என்றால் மோல்டே வேண்டாம், முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) போதும். சில நூறு என்றால் சிலிக்கோன் ரப்பர் அச்சில் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை ஊற்றலாம். ஓர் அச்சு 20 பீஸ் அளவில் தேய்ந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கடையில் கிடைக்கும் ஆயத்த உறையை வாங்கி, துளைகளை மட்டும் வெட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் மலிவு. அழகு கொஞ்சம் குறையும், ஆனால் மேலே சொன்ன 9,000 டாலர் மோல்டு செலவு அப்படியே போய்விடும். ஆயிரங்களுக்கு அலுமினிய மோல்டு, லட்சங்களுக்கு எஃகு. டிஸ்ப்ளேயையும் பேட்டரியையும் சந்தையில் ஏற்கெனவே ஓடும் அளவில் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி உறையை வரைவதுதான் அனுபவசாலிகள் செய்வது. லித்தியம் பேட்டரிக்கு யு.என். 38.3 என்ற பாதுகாப்புச் சோதனை அறிக்கை இல்லாமல் விமான சரக்குக்காரர் தொடமாட்டார். ஆயத்த பேட்டரியில் அந்த அறிக்கை பெரும்பாலும் கூடவே வரும்.

அடுத்தது நாள்கணக்கு. திரட்டல் முடிந்து சுமார் இரண்டு வாரத்தில் பணம் கைக்கு வரும், சில கார்டுகள் செல்லாமல் போனதைக் கழித்துக்கொண்டு. மோல்டிலிருந்து முதலில் வரும் மாதிரிகளை டி1 என்பார்கள். அதில் குறை இல்லாமல் இருப்பது அபூர்வம். திருகு இறங்கும் தூண் தடித்திருந்தால் வெளிப்பக்கம் குழி விழும், பக்கச்சுவரில் ஒன்றிரண்டு டிகிரி சாய்வு விடாவிட்டால் பீஸ் மோல்டை விட்டு வராது, வந்தாலும் கீறலோடு வரும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு மூன்று வாரம். எஃகைச் செதுக்கி எடுப்பது சுலபம், திரும்பச் சேர்ப்பது கடினம். எனவே சந்தேகமான இடத்தில் பிளாஸ்டிக் குறைவாக வரும்படி மோல்டைச் செய்துகொண்டு, பிறகு செதுக்குவார்கள். நடுவில் சீனப் புத்தாண்டு வந்தால் சீனத் தொழிற்சாலைகள் நிறைந்த ஷென்சென் பக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கதவடைப்பு. ஊருக்குப் போன தொழிலாளர் எல்லோரும் திரும்பி வருவதும் இல்லை. ஜனவரியில் மோல்டு தயாராகும் என்று அட்டவணை போட்டிருந்தால், மார்ச் என்று திருத்திக்கொள்வது நல்லது.

பணம் கட்டப்போகிறவர்கள் அந்தப் பக்கத்தில் மூன்று விஷயம் தேடுங்கள். இந்த இலக்குக்கு எத்தனை பீஸ் என்று எழுதியிருக்கிறதா? மோல்டு வரைபடத்தை ஒரு தொழிற்சாலை பார்த்து விலை சொல்லியிருக்கிறதா? காட்டுவது வேலை செய்யும் மாதிரியா, கணினிப் படமா? வன்பொருள் திட்டங்களில் கணினிப் படத்தைப் பொருள் போலக் காட்டக்கூடாது என்று கிக்ஸ்டார்ட்டர் 2012 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. பதில் இல்லையென்றால் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் கேள்வியாகக் கேளுங்கள். கணக்குப் போட்டவர்கள் எண்ணோடு பதில் சொல்வார்கள்.

நன்றி, வணக்கம்.