மிலிட்டரி வீடுகளுக்கு ஊராட்சியில் ஒரு பதிவேடு

(கொடி நாளை ஒட்டி வேலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அவர்களே, ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வட்டாட்சியர் அவர்களே, இந்த அரங்கத்தை நமக்குத் திறந்துவிட்ட பிடிஓ அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர்களே, வி.ஏ.ஓ.க்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு மோர் கொடுத்துக்கொண்டிருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, எல்லாருக்கும் மேலாக என் முன்னால் உட்கார்ந்திருக்கும் படைவீரர்களே, அவர்களின் துணைவியரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். ஆட்சியரை முதலில் சொன்னது வெறும் மரியாதைக்காக இல்லை. மாவட்ட முப்படை வீரர் வாரியத்துக்குத் தலைவரே அவர்தான், இது பல பேருக்குத் தெரியாது. அதனால் இன்று நான் கேட்கப்போவதைக் கேட்க வேண்டியவரிடமே கேட்கிறேன்.

நான் படையில் இருந்தவன் இல்லை. அப்பா இருந்தார், மெட்ராஸ் ரெஜிமெண்ட். சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருஷ சர்வீஸ் வேண்டும், அதை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். அவர் காகிதங்களை நான் எழுத ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரர் காகிதம், எதிர் வீட்டுக்காரர் காகிதம் என்று போய், இப்போது அதுவே என் வேலையாகிவிட்டது.

மூன்று விஷயம் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்தேன்: குடும்ப ஓய்வூதியம், மருத்துவம், பிள்ளைகள் படிப்பு. அதற்கு முன்னால் ஒரு பழமொழி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். வீட்டுக்கு அது சரி. ஆனால் ஒரு மனுஷனைப் பதினெட்டு வயதில் கூட்டிக்கொண்டு போய், பனியில் நிறுத்தி, கால் மரத்துப்போனாலும் வாயைத் திறக்காதே என்று பழக்கிவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு மேசையாகப் போய் அழு என்றால் எப்படி அழுவான்? அவன் போன பிறகு அவன் மனைவி எங்கே போய் அழுவாள்?

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவர் தவறினதும் பென்ஷன் நின்றது. அந்த அம்மா என்ன நினைத்தார் தெரியுமா? ஆளே போயாச்சு, பணம் மட்டும் எப்படி வரும் என்று. குடும்ப ஓய்வூதியம் என்று ஒன்று இருப்பதை வங்கியிலும் யாரும் சொல்லவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனார். இரண்டு வருஷம். பிறகு முட்டி வலி வந்து, முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார், மாதம் 1,200 ரூபாய். அதற்கு விசாரணைக்கு வந்தவர் ஒரு வி.ஏ.ஓ. தம்பி. திண்ணையில் இடமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார், எதன் மேல் என்றால் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி மேல். எழுந்திருக்கும்போது பார்த்தால் பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ எண். "இது யாரோட பெட்டிம்மா?" "அவரோடது சார், அரிசி போட்டு வெச்சிருக்கேன்."

அந்தத் தம்பிக்குப் பொறி தட்டியது. எனக்குப் போன் பண்ணினார். நான் போனேன். படையிலிருந்து வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் கரையான் அரித்துப் போயிருந்தது, பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணை எங்கே என்றே தெரியவில்லை, மிஞ்சியது அந்தப் பெட்டி மட்டும்தான். படை எண் கிடைத்தால் போதும், படைவீரர் ஆவணங்கள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் மனுஷனைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கடைசி இலக்கத்தில் துரு ஏறியிருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தோம். மூன்றா எட்டா தெரியவில்லை. வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம், அப்போதும் தெரியவில்லை. அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தூக்கத்துல ஏதோ இந்தியில நம்பரா சொல்லுவாரு சார். கடைசியில ஆட், ஆட்னு முடிப்பாரு. ஆடு காணாமப் போச்சுன்னு தேடுறாரோன்னு நெனச்சுப்பேன்."

ஆட். இந்தியில் எட்டு! (கைதட்டல் அடங்க நேரமாயிற்று.)

எட்டு என்று போட்டு எழுதினோம், பதில் வந்தது. அதோடு முடியவில்லை. படை ஆவணத்தில் அந்த அம்மா பேருக்குப் பின்னால் 'தேவி' என்று இருக்கிறது, ஆதாரில் 'அம்மாள்' என்று இருக்கிறது. வடக்கே உட்கார்ந்து எழுதியவருக்குப் பெண் என்றால் தேவி, நமக்கு அம்மாள். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி, அபிடவிட் போட்டு, எட்டு மாதம் ஆயிற்று. பாக்கியோடு பணம் வந்தது. அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதலாக வரும், 85-இல் 30, 90-இல் 40, 100 வயதில் ஒரு மடங்கே கூடும். அந்த அம்மாவுக்கு 81. வரவில்லை. ஏன் என்றால் ஆவணத்தில் அவர் பிறந்த தேதியே இல்லை. இங்கே இருக்கும் எத்தனை அம்மாக்களுக்கு இருக்கிறது? இன்றே வீட்டுக்குப் போய் பிபிஓவை எடுத்துப் பாருங்கள். பழைய பிபிஓக்களில் மனைவி பேரே இருக்காது.

குடும்ப ஓய்வூதியத்தின் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பின் கணவர் இறந்தால், 7 வருஷம் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள், இரண்டில் எது முந்தியோ அதுவரை கடைசிச் சம்பளத்தில் பாதி வரை. பிறகு 30 சதவீதம். பணியின் காரணமாக இறந்திருந்தால் 60 சதவீதம். போரில் என்றால் முழுச் சம்பளம். எப்படிக் குறைந்தாலும் மாதம் 9,000, அதற்கு மேல் அகவிலைப்படி. 1,200 ரூபாய்க்கு மனு போட்ட அம்மாவை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

இந்தக் காகிதம் எல்லாம் எங்கே பிறக்கிறது? டெல்லியில் இல்லை, ராணுவப் பென்ஷன் ஆபீஸ் இருக்கும் பிரயாக்ராஜில் இல்லை. இறப்புப் பதிவு ஊரில். 21 நாளைக்குள் பதிந்தால் காசில்லை, ஒரு வருஷம் தாண்டினால் ஆர்.டி.ஓ. வரை அலைச்சல். வாரிசுச் சான்று தாலுகாவில். இறப்புச் சான்றிதழில் இனிஷியல் டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பதுபோல விழவில்லை என்றால், அந்த ஓர் எழுத்துக்காக ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் கணினி மனுவைத் திருப்பி அனுப்பும். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கவும் இ-சேவை மையத்துத் தங்கை கைரேகை எடுத்துத்தர வேண்டியிருக்கிறது, வயல் வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகையே விழாமல் நாலு தடவை வைத்து வைத்து எடுக்கிறாள். ஆக முழுப் பாரமும் ஊர் அலுவலகங்கள் மேல்தான் விழுகிறது, ஆனால் அவர்கள் கையில் பட்டியல் கிடையாது.

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் எண்ணி வைத்திருக்கிறார்கள் ஐயா! இன்று எந்த ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டாலும், உங்கள் ஊரில் எத்தனை முன்னாள் ராணுவத்தினர், எத்தனை பேர் கணவரை இழந்தவர்கள் என்றால் செயலாளர் மேலே பார்க்கிறார். அவர் மேல் தப்பில்லை. யாரும் அவரை எழுதி வைக்கச் சொன்னதில்லை. வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கும் கம்மவான்பேட்டை மாதிரி ஊர் நம் மாவட்டத்தில் இருக்கிறது, நாம் எழுதாமல் யார் எழுதுவது?

ஆகவே ஆட்சியர் அவர்களிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பதிவேடு வேண்டும். படை எண், மனைவி பேர், ஆதாரில் உள்ள பேர், பிறந்த தேதி, பிபிஓவின் நகல். ஊரில் ஒரு மிலிட்டரிக்காரர் இறந்தால், இறப்பைப் பதிகிற அதே நாளில் செயலாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து நல அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்த அம்மா அலையக் கூடாது. மாதத்தில் ஒரு நாள் நல அலுவலகத்து ஊழியர் ஒருவர் இந்த ஒன்றியத்துக்கு வந்து உட்கார வேண்டும், ஏனென்றால் எண்பது வயதில் இரண்டு பஸ் மாறி வேலூர் போக முடியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதைக் குறைந்தபட்சம் நம் ஒன்றியத்திலாவது பொய்யாக்குவோம். அழாத பிள்ளையின் பேரும் அந்த நோட்டில் இருக்கட்டும்.

மருத்துவமும் படிப்பும் மிச்சமிருக்கிறது, நேரமில்லை. 2003-இல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டில் மனைவி பேர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிரதமர் கல்வி உதவித்தொகை பெண் பிள்ளைக்கு மாதம் 3,000, ஆண் பிள்ளைக்கு 2,500, கடைசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். பென்ஷனே இல்லாமல் 65 வயது தாண்டிய ஹவில்தார் வரையிலான படைவீரர்கள் இருந்தால் என்னிடம் தனியாக வாருங்கள். மத்திய முப்படை வீரர் வாரியம் தரும் உதவி இப்போது மாதம் 4,000-லிருந்து 8,000 ஆகியிருக்கிறது.

ஜனவரி 26 கிராம சபையில் இந்தப் பதிவேட்டைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். தீர்மான வாசகம் பின்னால் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறது, தலைவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் புக் கையில் இருப்பவர்கள் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், எண் தெரியாதவர்கள் வீட்டில் பெட்டி இருந்தால் மூடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் ஐந்தரை மணி வரை இங்கேதான் இருப்பேன்.